விட்ட மீனும் புது முட்டியும்

என் கணவருக்கு மீன் பிடிக்கும் பைத்தியம் வந்தபோது நான் அலட்டிக்கொள்ளவில்லை. குடி இல்லை, சீட்டாட்டம் இல்லை, மீன்தானே, ஞாயிற்றுக்கிழமை குழம்புக்காவது ஆகும் என்று நினைத்தேன். அங்கேதான் ஏமாந்தேன். மனிதர் மீனைப் பிடிப்பதே திரும்பக் கடலில் விடுவதற்காக.

அவருக்கு மறைமலைநகரில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை. ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே, காற்று எந்தப் பக்கம், கடல் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று மொபைலில் பார்த்துக்கொண்டுதான் வருவார். இது புழுவைக் கோத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும் தூண்டிலும் இல்லை. முள்ளில் இறகைக் கட்டி, குட்டி மீன் மாதிரி செய்து, கயிற்றைத் தலைக்கு மேல் முன்னும் பின்னும் வீசி வீசி எறிய வேண்டும். 'ஃப்ளை' என்பார். கோடையில் விடிகிற நேரம்தான் இதற்குத் தோதாம். தண்ணீர் தெளிவாக இருக்கும், காற்று கரையிலிருந்து கடலைப் பார்க்க வீசும், எறிந்தால் நேராகப் போகும். வெயில் ஏறிக் கடல்காற்று எதிரே திரும்பிவிட்டால் எறிந்த முள் எறிந்தவரிடமே வரும். ஒரு தடவை காது மடலில் இறகு தொங்க வீடு வந்து சேர்ந்தார். நான் சிரித்த சிரிப்பில் அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை.

அந்தக் கோடையில் அத்தை எங்களோடு இருந்தார். என் மாமியாரைச் சொல்கிறேன். ஊர் வேடந்தாங்கல் பக்கம். ஏரிப் பாசனத்தில் நெல் போட்டே காலம் தள்ளியவர். முட்டி தேய்ந்து போய், ஆபரேஷன் செய்து புது முட்டி வைத்திருந்தது. தினம் நடக்க வேண்டும், விழ மட்டும் கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அத்தை பாதியைத்தான் காதில் வாங்கினார்.

"புது முட்டி. சும்மா நடந்துகினே இருந்தா தேஞ்சி பூடும்" என்று கட்டிலை விட்டு இறங்க மாட்டேன் என்றார். புதுப் பாத்திரத்தைப் புழங்காமல் பரண்மேல் வைக்கிற குணம். கெஞ்சினேன், திட்டினேன், ஒன்றும் நடக்கவில்லை. கால் விறைத்துக்கொண்டே வந்தது. இன்னும் கொஞ்ச நாள் இப்படியே கிடந்தால் வைத்த முட்டியால் பிரயோஜனம் இல்லை என்று டாக்டர் என்னைத்தான் கடிந்துகொண்டார். ஆஸ்பத்திரியில் வாங்கிய அலுமினியக் கைத்தடி கதவு மூலையில் அப்படியே சாய்ந்திருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

கடைசியில் அவரைக் கட்டிலிலிருந்து இறக்கியது மகன்மேல் வந்த சந்தேகம். ஊரில் அத்தை வளர்த்த சேவலின் வால் மொட்டையாகிக் கிடக்கிறது என்று பக்கத்து வீட்டிலிருந்து ஒருநாள் போன் வந்தது. கேட்டால் ஃப்ளை கட்டப் பிடுங்கினேன் என்றார் பிள்ளை.

"சேவலு வாலயும் புடுங்கிகினு போறான், மீனும் எடுத்தாறதில்ல. வாராவாரம் எங்கதான் போறான்? நானும் வரேன்" என்றார் அத்தை.

வெளியே கிளம்பினால் சரி என்று நானும் இட்லியைக் கட்டி, மூலையில் கிடந்த கைத்தடியையும் எடுத்துக்கொண்டு காரில் ஏறினேன். எங்கள் வீடு இருக்கும் சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து கிளம்பி, கல்பாக்கத்தைத் தாண்டி, பாலாறு கடலில் சேரும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அப்போதுதான் வெளுத்தது. என் கணவர் எங்களைச் சவுக்கு மரத்தடியில் உட்கார வைத்துவிட்டு, "இங்கயே இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆற்றில் வாய்க்கால் அகலத்துக்குத்தான் தண்ணீர் இருந்தது. கணுக்கால்கூட நனையாது. அதற்கு அப்பால் ஒரு மணல் திட்டு, அதன் நுனியில் கடலைப் பார்த்து நின்று அவர் வீசிக்கொண்டிருந்தார். மரத்தடியில் காற்றே இல்லை. அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து, கைத்தடியை ஊன்றி ஊன்றித் தண்ணீரைத் தாண்டித் திட்டில் போய் நின்றுகொண்டார். தானாக நடக்கிறாரே என்ற சந்தோஷத்தில் நானும் இட்லியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

திட்டில் ஏறியதும் அத்தை ஒரு வேலை செய்தார். கைத்தடியைத் தண்ணீர் ஓரத்தில் குத்தி நிறுத்தினார். அவர்கள் ஊரில் கோடை வந்தால் ஏரித் தண்ணீரின் ஓரத்தில் குச்சி நட்டு வைப்பார்கள். தண்ணீர் குச்சியை விட்டு எவ்வளவு தள்ளிப் போயிருக்கிறது என்று பார்த்து, கடைசி வயலுக்கு இன்னும் பாயுமா என்று கணக்குப் போடுவார்கள். நானும் ஏரிக்கரை ஊர்க்காரிதான், எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

"பாரு, துன்னு முடிக்கறதுக்குள்ள ஒரு முழம் வத்திடும்" என்றார்.

இட்லியைத் தின்றோம். ஊர்க்கதை பேசினோம். திரும்பிப் பார்த்தால் தடியின் அடி தண்ணீருக்குள் இருந்தது.

"யாரோ தடிய நவுத்தி வெச்சிருக்காங்க."

"இங்க யாரு அத்தை இருக்காங்க, நகத்தறதுக்கு?"

"கோடையில எந்த ஊர்ல தண்ணி ஏறும்?" என்று அவர் என்னைத்தான் முறைத்தார். தண்ணீர் அவர் பேச்சைக் கேட்கவில்லை. தடியில் பாதி முழுகியது. கடல் ஏறும் என்று மாதக்கணக்கில் என் வீட்டில் ஒருவர் புலம்பிக்கொண்டிருந்ததை நான் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அது அந்த நிமிஷம்தான் உறைத்தது. இந்தக் கால் வழுக்கினால் என்ன ஆகும் என்று நினைத்ததும் அத்தையின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

ஃப்ளை வீசுகிறவர் பின்பக்கம் கயிறு நீள்கிறதா என்று திரும்பிப் பார்த்துத்தான் முன்னே எறிய வேண்டும். அதுவரை கயிற்றை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தவர், இந்தத் தடவை எங்களையும் பார்த்துவிட்டார். கயிறு அப்படியே தோளில் வந்து விழ, ஓடிவந்தார்.

"உங்கள அங்கதான இருக்கச் சொன்னேன்? காத்து வேற திரும்பிடுச்சு. இன்னும் கொஞ்ச நேரத்துல இந்தத் திட்டே முழுகிடும்."

நாங்கள் வந்த வழியில் இப்போது தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடியது. அவர் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தூண்டில் கழியை வீசி, முள்ளை ஆற்றில் சற்று மேலே தள்ளிப் போட்டார். இந்த நேரத்திலும் மீனா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவர் ஆழம் பார்த்துக்கொண்டிருந்தார். முள்ளில் ஈயம் கட்டியிருந்தது. விழுந்த உடனே தரை தட்டினால் ஆழம் குறைவு. ஒரு இடம், அடுத்த இடம் என்று போட்டுக்கொண்டே திட்டின் ஓரமாக நடந்தார். "இதோ, இங்க தட்டுது" என்று அவர் சொன்ன அதே நேரம், கழி வில்லாக வளைந்தது.

கயிறு கிர்ரென்று ஓடியது. தண்ணீரைப் பிளந்துகொண்டு ஒரு கொடுவா எழும்பி, வெயிலில் பளீரென்று உடம்பை உதறிவிட்டு விழுந்தது. பெரிய மீன். இரண்டு கோடைகளாக அவர் தூக்கத்தில்கூடப் பேசிக்கொண்டிருந்த மீன்.

அவர் அதைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். கழுத்தில் தொங்கிய நகவெட்டியை எடுத்துக் கயிற்றை நறுக்கினார். கழியை என்னிடம் நீட்டிவிட்டு அம்மாவின் முன்னால் போய் நின்றார்.

"ரெண்டு தோளயும் கெட்டியா புடிச்சுக்கோம்மா. கால தூக்காத, தேச்சுக்கினே வா."

அவர் முன்னால், அத்தை நடுவில், நான் பின்னால் அத்தையின் இடுப்பை ஒரு கையால் இறுக்கிக்கொண்டு. தண்ணீர் முட்டிக்கு வந்தது, தொடைக்கு வந்தது. நடு ஆற்றில் அத்தை நின்றுவிட்டார். வலியோ என்று என் உயிரே போய்விட்டது.

"அடப்பாவி, அம்மாம் பெரிய மீன உட்டுட்டியேடா!"

"எப்பவும் உடறதுதானேம்மா. நட."

கரை ஏறியதும் அத்தையை உட்கார வைத்து முட்டியைத் தடவிப் பார்த்தேன். வீக்கம் இல்லை, வலி இல்லை. "இன்னாத்துக்குடி அழுவுற?" என்று அவர் கேட்ட பிறகுதான் நான் அழுவதே எனக்குத் தெரிந்தது. வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. திட்டு முழுகிவிட்டிருந்தது. கைத்தடி சாய்ந்து, ஏறுகிற தண்ணீரோடு போனது. போகட்டும் சனியன் என்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

டாக்டரும் பார்த்துவிட்டு ஒன்றும் ஆகவில்லை என்றார். அடுத்த வாரம் ஊர்த் திருவிழாவுக்குப் போனோம். போய் இறங்கியதும் அத்தையைக் காணோம். பதறிப்போய்த் தேடினால், பக்கத்து வீட்டு வாசலில் நின்று இரண்டு கையையும் விரித்து மீனின் நீளத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். அங்கே முடித்துவிட்டு அடுத்த வீடு. அங்கே மீன் இன்னும் கொஞ்சம் நீண்டது, தண்ணீர் கழுத்து வரைக்கும் ஏறியது.

"எம்மவன் புடிச்ச மீனு. எனக்கோசரம் உட்டுட்டான்."

கூடவே வந்த என் கணவர் என்னைப் பார்த்தார். எத்தனையோ மீன் பிடித்தும் ஊருக்குள் அவருக்குக் கிடைக்காத பேர், கையில் வராத மீனால் கிடைத்துவிட்டது. நான் அத்தையின் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தெருவில் இன்னும் நிறைய வீடுகள் பாக்கி இருந்தன. புது முட்டி தேயுமே என்ற கவலை கொஞ்சமும் இல்லாமல், அத்தை அடுத்த வாசலை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.