என் மொபெட் நின்ற பன்னிரண்டு படங்கள்

கொல்லங்கோட்டுக்காரரின் வெப்சைட்டில் என் மொபெட் நின்றுகொண்டிருந்தது. ஒரு படத்தில் அல்ல, பன்னிரண்டிலும். பன்னிரண்டு இரும்புக் கேட்களுக்கு முன்னாலும் அதே பச்சை மொபெட், பின்சீட்டில் சைக்கிள் டியூபால் இழுத்துக் கட்டிய என் மரப்பெட்டி. மேலே கொட்டை எழுத்தில் 'எங்கள் கைவண்ணம்'.

லிங்கை அனுப்பியது என் மச்சினன். கூடவே வயிற்றைப் பிடித்துச் சிரிக்கும் பொம்மைகள் நான்கு. எனக்கு வரும் கெடுதலையெல்லாம் முதல் ஆளாக எனக்குச் சொல்லும் பொறுப்பை அவன் என் கல்யாணத்தன்றே எடுத்துக்கொண்டவன்.

கொல்லங்கோட்டுக்காரரும் நானும் கொழிஞ்சாம்பாறையில் எட்டு வருடம் ஒரே வெல்டிங் பட்டறை நடத்தியவர்கள். அவர் பிரிந்துபோய்த் தனியாகக் கடை போட்டபின் யாரோ அவரிடம் என்னைப் பற்றி விசாரித்திருக்கிறார்கள். "அவனா? எனக்குக் கம்பி புடிச்சுட்டு எடுபிடியா இருந்தவன்" என்றிருக்கிறார். இதை நான் மன்னித்துவிட்டேன். மன்னித்துவிட்டேன் என்று தினமும் பல் தேய்க்கும்போது ஒருமுறை நினைத்துக்கொள்வேன், மறந்துவிடக் கூடாதல்லவா.

எனக்கென்று வெப்சைட் வந்ததற்குக் காரணம் என் குதிகால். கேட் செய்யச் சொல்லி வருகிறவர்களுக்கு முன்பெல்லாம் செல்போனில்தான் படம் காட்டுவேன். விரலால் தள்ளத் தள்ள ஒரு கேட், இன்னொரு கேட், டாக்டருக்கு அனுப்புவதற்காக எடுத்த என் குதிகால் வெடிப்பு, மறுபடி கேட். ஒரு டீச்சரம்மா குதிகால் வந்ததும் எழுந்து போய்விட்டார். அதைக் கேட்டுத்தான் கோயம்புத்தூரில் படிக்கும் என் மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பக்கம் ஒன்று செய்து கொடுத்தாள். அப்பனின் அறிவை அளந்து செய்திருந்தாள்.

"ஒண்ணுல இருந்து பன்னெண்டு வரைக்கும் நம்பர் போட்ட படம் இருக்குதுப்பா. எதாச்சு மாத்தோணும்னா அதே நம்பர்ல புதுப் படத்தப் போடுங்க. பழசு போயிரும், பக்கம் தானா மாறிக்கும். வேற எதையும் தொடாதீங்க."

தொடவில்லை. தொட்டவர் கொல்லங்கோட்டுக்காரர்தான்.

அதுவும் எந்த நேரத்தில்? எருத்தேன்பதியில் ஊர்க் கல்யாண மண்டபம் கட்டி முடித்து, முன்வாசல் கேட்டும் மாடிக் கைப்பிடியும் மட்டும் மிச்சம் இருந்தன. அத்தனை பெரிய வேலை என் கைக்கு அதுவரை வந்ததில்லை. வியாழக்கிழமை கமிட்டிக் கூட்டம், இரண்டு பேரும் வந்து இதுவரை செய்ததைக் காட்டுங்கள் என்று வார்டு மெம்பரம்மா சொல்லியிருந்தார். கொல்லங்கோட்டுக்காரர் முந்திக்கொண்டு காட்டிவிட்டால், அதே படங்களோடு பின்னால் போய் நிற்கும் நான்தான் திருடன்.

எனக்குப் பதற்றம் வந்தால் அறிவு முதல் பஸ்ஸிலேயே ஏறிப் பொள்ளாச்சி போய்விடும். வெல்டிங் முகமூடியைக் கழற்றாமலே லேப்டாப்பைத் திறந்து, திரை இருண்டுவிட்டது, அவர்தான் அதையும் கெடுத்துவிட்டார் என்று மகளுக்குப் போன் செய்தேன். "முகமூடியக் கழட்டுங்கப்பா" என்று அவள் அங்கிருந்தே சொன்னாள்.

திங்கட்கிழமை ஏழாம் நம்பர் படத்தை மாற்றினேன். அதில் கேட்டுக்குப் பின்னால் கொடியில் வீட்டுக்காரரின் உள்ளாடைகள் காய்ந்துகொண்டிருந்தன. கமிட்டிக்கு எதற்கு அது? சுத்தமான படம் ஒன்றை ஏற்றிவிட்டு, வழக்கப்படி கொஞ்சம் கோபப்பட்டுக்கொள்ளலாம் என்று அவருடைய பக்கத்தைத் திறந்தேன். அங்கேயும் ஏழாம் நம்பரில் உள்ளாடைகளைக் காணோம்.

மகளைக் கூப்பிட்டேன். அவள் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"அவரு படத்த எடுக்கலப்பா. படம் இருக்கற விலாசத்த மட்டும் எடுத்து வெச்சிருக்காரு. அவரு பக்கத்த யாரு தொறந்தாலும் நம்மூட்டுப் படந்தான் அங்க போய் நிக்கும்."

"அப்ப நான் மாத்துனா அங்கயும் மாறுமா?"

"அப்பா, எதுவும் பண்ணிராதீங்க."

"நான் என்ன பண்ணப் போறேன்?"

"அப்பா, இன்னொண்ணு கேளுங்க, நம்ம பக்கமும்..."

எனக்குக் கேட்பதற்குப் பொறுமை இல்லை. கட் செய்துவிட்டேன்.

புதன்கிழமை மதியம் கரண்ட் போனது. வெல்டிங் ஓடாது, லேப்டாப்பில் சார்ஜ் இருந்தது. இப்படியொரு வசதி அமைந்தால் நல்லவன்கூடக் கெட்டுப்போவான், நான் எம்மாத்திரம்? என் செல்போனில் இன்னொரு வகைப் படங்கள் உண்டு. என் வேலை சொதப்பிய இடங்களிலிருந்து வீட்டுக்காரர்கள் கோபத்தில் அனுப்பியவை. கோபத்தில் இருப்பவர்கள் படத்தை அருமையாக எடுப்பார்கள், ஒரு குறையும் விடாமல். மச்சினன் வீட்டு கேட்டில் அவனுடைய புதுக் கார் இரண்டு கண்ணாடியையும் இழந்து சிக்கி நின்றது. நான் வைத்த சுருள் படிக்கட்டில் பீரோ ஒன்று மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் தொங்கியது. இன்னொன்றில் கம்பிகளுக்கு நடுவே தலையை மட்டும் விட்டுக்கொண்ட நாய், என்னையே பார்ப்பது போல. இப்படி ஆறு தேறின, திட்டு வாங்கப் போய் நின்ற என் மொபெட்டும் ஒவ்வொன்றிலும் ஓரமாக. ஒன்று, மூன்று, ஐந்து என்று ஒன்றுவிட்டு ஒன்றாக ஏற்றினேன். ஒவ்வொன்றாக ஏறும்போது கம்பி புடிச்சவன், கம்பி புடிச்சவன் என்று முணுமுணுத்துக்கொண்டேன். அன்று சாப்பாடு நன்றாக இறங்கியது.

வியாழக்கிழமை பத்து மணிக்கு மண்டபத்தில் பெயின்ட் வாசனைக்கு நடுவே கமிட்டி உட்கார்ந்திருந்தது. சுவரில் பெரிய டிவி. கொல்லங்கோட்டுக்காரர் நான் எதிர்பார்த்தபடியே முந்திக்கொண்டார். டிவிக்கு முதுகைக் காட்டி நின்று கமிட்டியைப் பார்த்துப் பேசினார்.

"பன்னெண்டும் நானே நின்னு செஞ்சதுங்க. ஒவ்வொரு கம்பியும் என்ற கை பட்டதுங்க."

டிவியில் மச்சினனின் கார் வந்தது. மெம்பரம்மா கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டார்.

"ஏனுங்க, இந்தக் கார் உள்ள போறதுங்களா, வெளிய வர்றதுங்களா?"

கொல்லங்கோட்டுக்காரர் திரும்பினார். முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்துக்காகவே இன்னும் ஆறு கேட்களைக் கெடுக்கலாம். அவசர அவசரமாக ரிமோட்டை அமுக்கிக்கொண்டே போனார். நல்ல கேட் ஒன்று, நாய் ஒன்று, நல்ல கேட், பீரோ. பின்வரிசையில் ஒருவர் சிரித்துப் புரையேறினார்.

"இது என்ற வேலையே இல்லீங்க!" என்று கத்திவிட்டார். "அதா உக்காந்திருக்கறானே, அவன் வேலைங்க. அந்த வண்டி அவனுதுங்க, எல்லாப் படத்துலயும் நிக்குது பாருங்க!"

"எல்லாப் படத்துலயுமா?" என்றார் மெம்பரம்மா மெதுவாக. "நல்லா இருக்கற கேட்டு முன்னாலயும் அந்த வண்டிதானே நிக்குது?"

கொல்லங்கோட்டுக்காரர் ரிமோட்டை மேசையில் வைத்துவிட்டுச் சுவரோரம் ஒதுங்கினார்.

"சரி, நீங்க காட்டுங்க" என்று மெம்பரம்மா என் பக்கம் திரும்பினார். நான் மாப்பிள்ளை மாதிரி நடந்துபோய் என் பக்கத்தைத் திறந்தேன்.

மச்சினனின் கார். அதற்குக் கீழே ஆசையாக நானே எழுதிய வரி: 'விசாலமான வாசல், நிம்மதியான மனசு.'

மகள் சொல்ல வந்த 'நம்ம பக்கமும்' என்ன என்று அப்போதுதான் உறைத்தது. இது வைரஸ் என்று சொல்லலாமா, மயங்கி விழலாமா, விழுந்தால் எந்தப் பக்கம் விழுவது என்று யோசித்தேன். ஆனால் இது என் வேலைதான் என்று ஊருக்கு முன்னால் சாட்சி சொல்லிவிட்டு ஒருவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தாரே.

"இது உங்க வேலைதானுங்களா?" என்றார் மெம்பரம்மா.

"ஆமாங்க. நல்லதும் நான்தானுங்க, நாறுனதும் நான்தானுங்க."

"இந்தக் கேட்டு யாரூட்டுது?"

"என்ற மச்சினனூடுங்க. தீவாளிக்குக்கூட இன்னும் சரியாப் பேச மாட்டீங்கறானுங்க."

கமிட்டி சிரித்து அடங்கச் சற்று நேரம் ஆனது. மெம்பரம்மா சிரிக்கவில்லை.

"மாப்பிள்ளையூட்டு பஸ் உள்ள வந்து திரும்போணும். அளவெடுக்கறப்ப டேப்போட அந்த முனைய நான்தான் புடிப்பேன். சம்மதமுங்களா?"

சம்மதித்தேன். ஒரு வாரம் கழித்து, வெயிலில் ஊர் வேடிக்கை பார்க்க, மெம்பரம்மா ஒரு முனையையும் நான் மறுமுனையையும் பிடித்து அளந்தோம். மூன்று முறை அளக்கச் சொன்னார்.

கேட் மாட்டிய மறுநாள் கொல்லங்கோட்டிலிருந்து போன். "மாப்ள, அந்தப் படத்தயெல்லாம் பழையபடி மாத்திரு. என்ற பக்கத்தச் செஞ்ச பாலக்காட்டுக்காரன் போன் எடுக்க மாட்டீங்கறான். என்னால ஒண்ணும் மாத்த முடியல."

"அதுக்கென்னங்க, இப்பவே மாத்திரலாம்" என்றேன்.

மண்டபத்து கேட்டுக்கு முன்னால் மொபெட்டின் மேல் நான் உட்கார்ந்து சிரிக்கும் படம் ஒன்றை ஒன்று முதல் பன்னிரண்டு வரை எல்லா நம்பரிலும் ஏற்றினேன். சாயந்திரம் மகள் கூப்பிட்டாள்.

"அப்பா, நம்ம பக்கத்துலயும் பன்னெண்டு எடத்துல நீங்களேதான் நிக்கறீங்க. யாராச்சு கேட்டு பார்க்க வந்தா என்ன நெனப்பாங்க?"

"தெரியும் கண்ணு" என்றேன். "ஒரு மாசம் நிக்கட்டும்."