முதல் கியரில் ஓடிய ஸ்கூட்டர்

நேற்றுச் சாயங்காலம் திண்டுக்கல் மார்க்கெட் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. வந்ததே தெரியவில்லை. "ஏ புள்ள, ஒரு ஆரன் அடிச்சா கொறஞ்சா போயிருவ?" என்று கத்திவிட்டேன். ஓட்டிவந்த கல்லூரிப் பெண் சிரித்தாள். "கரண்டு வண்டி பெரியம்மா, சத்தம் வராது. ஏறுங்க, பஸ் ஸ்டாண்டுல விடுறேன்." நான் ஏறவில்லை. பெட்ரோல் வாசனைகூட இல்லாத வண்டியை என்னவென்று நம்புவது, நீங்களே சொல்லுங்கள்.

வாசனை என்றால் எங்கள் வீட்டு ஸ்கூட்டர்தான். ஆயில் கலந்த பெட்ரோல் குடிக்கும் ஜாதி. எஞ்சின் வலது பக்கம் இருப்பதால் சற்றுச் சாய்ந்தே போகும். கியர் இடது கைப்பிடியில். காலையில் லேசில் கிளம்பாது. ஒரு பக்கமாகச் சாய்த்து, சோக்கை இழுத்து, பிறகுதான் உதைக்க வேண்டும். இத்தனையும் என் வீட்டுக்காரர் செய்வார். நான் சாப்பாட்டுத் தூக்கோடு பார்த்துக்கொண்டு நிற்பேன். "எனக்கும் ஓட்டச் சொல்லித் தாங்களேன்" என்று ஒருநாள் கேட்டேன். "சேலையக் கட்டிக்கிட்டுக் கியரு போடப் போறியாக்கும்!" என்று சிரித்தார். நானும் சிரித்துத் தொலைத்தேன். எங்கள் ஊர் அகரத்தில் அப்போது பொம்பளை என்றால் பின்சீட்டில் ஒருபக்கமாக உட்கார்ந்து வருகிறவள்.

எங்கள் செல்விக்கு மூன்று வயது இருக்கும். ஒருநாள் தெருவே கல்யாண வேனில் வத்தலக்குண்டு போயிருந்தது, அவரும்தான். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று நான் நின்றுவிட்டேன். மத்தியானம் பிள்ளைக்கு வலிப்பு வந்தது. கண் மேலே செருகிக் கை கால் வெட்டி இழுத்தது. நின்றது, மறுபடி வந்தது. திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ் அப்போதுதான் போயிருந்தது. கல்யாணத்துக்குப் போகாத பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா ஓடிவந்து, "வண்டி நிக்கிதேடி!" என்றார்.

"ஓட்ட ஆள் வேணுமேக்கா!"

"ஏன், நீ ஆளில்லையா?"

சாய்த்தேன், சோக்கை இழுத்தேன், உதைத்தேன். கிளம்பிவிட்டது! பார்த்துப் பார்த்து அந்த மட்டும் தெரிந்திருந்தது. முதல் கியரும் விழுந்தது. அக்கா பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார். தெரு திரும்பியதும் இரண்டாவது போடப் பார்த்தேன். நடுவில் எங்கோ மாட்டிக்கொண்டு எஞ்சின் வெறுமனே கத்தியது. முதலுக்கே திருப்பிவிட்டேன். அப்புறம் தொடவில்லை. தொட்டு, வண்டி நின்றுபோனால்?

தாடிக்கொம்பு ரோட்டில் சைக்கிள்காரன்கூட எங்களை முந்தினான். "ஏத்தா, கியர மாத்து! கியர மாத்து!" என்று வழியெல்லாம் ஆம்பளைகள் கத்தினார்கள். எப்படி மாற்றுவது என்று ஒரு பாவியும் சொல்லவில்லை. "என் ராசாத்தி, போயிரு, போயிரு" என்று வண்டியைக் கெஞ்சினேன். பின்னால் அக்கா மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார்.

பாதி வழியில் எஞ்சின் சூடேறி ஜாம் ஆகி நின்றது. வண்டியை ரோட்டோரம் போட்டுவிட்டு, பிள்ளையைத் தோளில் அள்ளிக்கொண்டு ஓடினேன். கடைசியில் ஒரு லாரிக்காரர் புண்ணியத்தில் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தோம். டாக்டரம்மா பிள்ளையின் கண்ணைத் திறந்து பார்த்தார். "இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருக்கக் கூடாதாம்மா?" என்றார். அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர் அந்த வண்டியில் பிறகு ஏறவே இல்லை. எடைக்குப் போட்டார். 'ஒரு நாள் சொல்லித் தந்திருந்தால்...' என்று எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன்.

ஊரிலும் ஒவ்வொன்றாகப் போயின. கைப்பிடிக் கியர் போனது. சாய்ப்பதும் உதைப்பதும் போனது. சுவிட்சை அமுக்கினால் கிளம்புகிற ஸ்கூட்டர் வந்ததும் அவரே ஒன்று வாங்கிவந்து சாவியை நீட்டினார். "இதுல கியரே இல்ல. முறுக்குனா போயிரும்."

முறுக்கினேன், போய்விட்டது. அதே ரோடு. தாடிக்கொம்பு தாண்டியது தெரியவில்லை. யாரும் கத்தவில்லை. உட்கார்ந்த சூடு ஏறுவதற்குள் ஆஸ்பத்திரி வாசல் வந்துவிட்டது. எனக்கு இறங்கத் தோன்றவில்லை. ஜனங்கள் வேடிக்கை பார்க்க, வண்டிமேலேயே கவிழ்ந்து கதறினேன்.

"இம்புட்டுத் தூரந்தானாடி செல்வி? இம்புட்டுத் தூரந்தானா?"