வெடி இல்லாத கேசட்

போன வாரம் என் மகன் கைப்பேசியில் பழைய பொம்மைப் படம் பார்த்துக்கொண்டே தரையில் உருண்டான். அடுப்பிலிருந்த பாலை விட்டுவிட்டு ஓடிப்போய் அவன் முகத்தை இரண்டு கையாலும் திருப்பிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தான். சிரிக்கக்கூட விடமாட்டாயா என்று சலித்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டான். பால் பொங்கி வழிந்தது.

எங்கள் மாமா, அம்மாவின் தம்பி, கடலூர் முதுநகரில் வீடியோ கேசட் வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தார். கடையில் சினிமா கேசட்டுகள். வீட்டு அலமாரியில் மட்டும் வேறு ரகம்: ஏழெட்டு நிமிஷம் ஓடும் வெளிநாட்டுப் பொம்மைப் படங்கள். எல்லாம் அந்தக் காலத்தவை. பேச்சே இருக்காது, வாத்திய சத்தமும் அடிதடியும்தான். துறைமுகத்துக்கு வரும் கப்பல்காரர்களிடமும் துபாயிலிருந்து திரும்பியவர்களிடமும் கெஞ்சி வாங்கி, வீடியோ டெக்கில் பதிவு செய்து சேர்த்து வைத்திருந்தார். கல்யாண வயதில் இப்படிப் பொம்மைப் படம் சேர்க்கிறானே என்று அம்மாவுக்குக் கவலை. மாமாவுக்கோ, வருகிறவள் அலமாரியைக் கேட்டுவிடுவாளோ என்றுதான் கவலை.

மே மாத விடுமுறைக்குச் சிதம்பரத்திலிருந்து அம்மாவோடு நானும் தங்கையும் அங்கே போய் இறங்கிவிடுவோம். மத்தியான வெயில் திரையில் விழாதபடி ஜன்னலையெல்லாம் அடைத்துவிட்டு, டிவிக்கு முன்னால் மூக்கு உரச உட்கார்ந்துகொள்வோம். பாறைக்கு அடியில் பூனை நசுங்கி அப்பளமாகும். உடம்பெல்லாம் வெடவெடவென்று நடுங்கும். மறுநொடி எழுந்து ஓடும். அதைச் செய்து காட்டுவதில் தங்கைக்குத் தனிப் பெருமை. தரையில் விழுந்து கை கால் உதறுவாள். மாமா கையைத் தட்டி, "செத்த பூனை, ஏந்திரி" என்பார். துள்ளி எழுவாள்.

அப்படி ஒரு மத்தியானம் பூனையின் கையிலிருந்த வெடிகள் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன. திரை வெள்ளையும் கறுப்புமாக மின்னியது. தங்கை பக்கவாட்டில் சாய்ந்தாள். கை கால் உதறியது. இதுவரை செய்ததிலேயே இன்றைக்குத்தான் நன்றாகச் செய்கிறாள் என்று சிரித்தோம்.

"செத்த பூனை, ஏந்திரி."

மாமா தட்டினார். நானும் தட்டினேன். அவள் கடைவாயில் நுரை வந்த பிறகுதான் மாமாவின் கைகள் அந்தரத்தில் நின்றன.

அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். பக்கத்து வீட்டு அக்கா, இரும்பு பட்டால் அடங்கிவிடும் என்று, தன் சாவிக்கொத்தைத் தங்கையின் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள். அடங்கவில்லை. மாமா தங்கையை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு செருப்பில்லாமல் தெருவில் ஓடினார். மற்றவர்களும் பின்னாலேயே ஓடினார்கள். சாவிக்கொத்து வாசலில் விழுந்து கிடந்தது.

என்னை யாரும் நினைக்கவில்லை. அந்த இருட்டறையில் நான் மட்டும் நின்றேன். டெக்கைத் தொடக்கூடாது என்பது அந்த வீட்டின் ஒரே சட்டம். அதனால் படம் ஓடிக்கொண்டே இருந்தது. பூனை நசுங்கியது, எழுந்தது, கருகியது, எழுந்தது. தங்கை கிடந்த இடத்தில் தரை ஈரமாயிருந்தது. திரையைப் பார்க்கவும் பயம், தரையைப் பார்க்கவும் பயம். கண்ணை மூடிக்கொண்டு கையைத் தட்டிக்கொண்டே இருந்தேன். எங்கே இருந்தாலும் அவளுக்குக் கேட்கும் என்று நினைத்தேன்.

அவள் கண் திறந்துவிட்டாள் என்று அக்காதான் வந்து சொன்னாள். மின்னுகிற வெளிச்சம் வலிப்பைக் கிளப்பியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னது எனக்குப் பல வருடம் கழித்தே தெரியவந்தது. துணி எடுக்க வீட்டுக்கு வந்த அம்மா மாமாவிடம் சொன்னது மட்டும் அன்றைக்கே காதில் விழுந்தது.

"எம்புள்ள துடிக்கிறா, நீ கை தட்டிக்கினு நிக்கிற."

மாமா துணிப்பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

தங்கை இன்னும் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே அவர் கடையைச் சாத்திவிட்டு அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தேன். சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பொம்மைப் படம் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் ஓடும், நிறுத்துவார், பின்னால் ஓட்டுவார், மறுபடி பார்ப்பார். ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. மறுநாளும் அதேதான். பிள்ளை அங்கே கிடக்கிறாள், இந்த மனுஷனுக்குப் படம் கேட்கிறதே என்று எனக்குக் கோபம். என்னைக் கூப்பிடாத கோபமும் அதில் கொஞ்சம் இருந்தது.

தீபாவளிக்கு மாமா சிதம்பரம் வந்தார். ஒரு கையில் டெக், மறு கையில் ஒரே ஒரு கேசட். மாத்திரை சாப்பிட்டுத் தேறியிருந்த தங்கை, பொம்மைப் படம் வேண்டுமென்று அழுது அடம்பிடித்து அவரை வரவழைத்திருந்தாள். அவர் வாசற்படியிலேயே நின்று அம்மாவிடம் தணிந்த குரலில் என்னவோ சொன்னார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு ஜன்னல்களைத் திறந்து, விளக்கையும் போட்டு, தங்கையை மடியில் வைத்துக்கொண்டு அறையின் கடைசியில் போய் உட்கார்ந்தாள்.

படம் தத்தித் தத்தி ஓடியது. பூனை திரியைப் பற்றவைக்கும். அடுத்த நொடி கரி முகத்தோடு நிற்கும். மேகம் திரளும், மின்னலே இல்லாமல் மழை கொட்டும். தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். மாமா திரைப் பக்கம் திரும்பவே இல்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"வெடிக்கிற எடத்தையெல்லாம் காணோமே மாமா."

"டேப்பு தேஞ்சிபோச்சி பாப்பா."

ஒரு கேசட்டைக்கூடப் பத்திரமாக வைத்துக்கொள்ளத் தெரியாத மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்.