கன்னத்தால் சொன்னது

அல்பேர்ட் முல்லைத்தீவுக் கரையில் கடலுக்குப் போறவர். மனைவி யூலியானாவுக்குக் கரையிலுள்ள மீன் வாடியில் மீன் பிரிக்கிற வேலை. விடியப் போனால் பின்னேரம்தான் திரும்புவா. மகள் ஆன்சலாவுக்குப் பெருமூளை வாதம். கைகால் சொல்வழி கேளாது. வாயில் சத்தம் வருமே தவிரச் சொல் வராது. பகலில் அவளைப் பார்த்துக்கொண்டது அல்பேர்ட்டின் அக்கா யூலிற்றா மாமி.

மாமி அடிக்கவில்லை. ஏசவுமில்லை. தண்ணீர் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

"குடிச்சா நனைப்பாள். ஆர் கழுவுறது?" என்று பக்கத்து வீட்டு மெற்றில்டாவிடம், ஆன்சலாவின் தலைமாட்டில் நின்றே சொல்லுவா. பிள்ளைக்கு விளங்காதென்ற துணிவு. தகரக் கூரை கொதிக்க, ஆன்சலாவின் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். தாய் வந்து கேட்டால், "வயிறுமுட்டக் குடிச்சவள்" என்பா மாமி. ஆன்சலா அலறுவாள். அதற்குப் பிடிவாதம் என்று பேர் வைத்தார்கள்.

ஒரு கட்டத்தில் அலறுவதை விட்டாள். மாமியின் ஒவ்வொரு சொல்லையும் மனதுக்குள் போட்டு வைத்தாள்.

பிறகு பிரஷாந்தினி வந்தா. இப்படியான பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறவ. முதலில் எழுத்துப் பழக்கி, பிறகு லப்டொப் ஒன்றை ஆன்சலாவின் கதிரைக்கு முன்னால் வைத்து, கன்னத்தருகே வட்டமான சுவிச் ஒன்றைப் பூட்டினா. திரையில் எழுத்துகள் வரிசைவரிசையாக ஒளிரும். வேண்டிய இடம் வரும்போது கன்னத்தால் அமத்தவேணும். ஒரு சொல்லுக்கே கழுத்து நோகும். எழுதி முடிந்ததும் மிசின் வாசித்துச் சொல்லும்.

'அம்மா' என்று எழுதுவாள் என எல்லாரும் பார்த்திருந்தார்கள். அவள் 'தண்ணி' என்று எழுதினாள். பிரஷாந்தினி சிரித்துக்கொண்டு எடுத்துவந்து பருக்கினா. மாமி சிரிக்கவில்லை. அடுத்த நாளிலிருந்து தாய் படலையைத் தாண்டியதும் சுவிச்சைக் கழற்றிவிடுவா.

மாமி பயப்படுகிறா என்பது ஆன்சலாவுக்கு விளங்கியது. அந்தப் பயம் இனித்தது. தண்ணி விஷயத்தைத் தாய்க்கு மட்டும் சொல்லி, குசினிக்குள் கதைத்து முடிக்க விட அவளுக்கு மனமில்லை. பின்னேரங்களில் தாய் சுவிச்சைப் பூட்டிவிட்டுச் சமைக்கையில், வசனங்களை எழுதிச் சேமித்தாள்.

ஆன்சலாவின் தம்பி தேவாலயத்தில் முதல்நன்மை வாங்கிய நாள் விருந்துக்கு வீடு நிறைய ஆட்கள். "யூலிற்றா இல்லாட்டி இந்தப் பிள்ளையின்ர பாடு என்ன?" என்று பங்குச் சுவாமி எல்லாருக்கும் கேட்கப் புகழ்ந்தார். மாமி தலையைக் குனிந்து சிரித்தா. ஆன்சலா கன்னத்தால் அமத்தினாள்.

"மாமி எனக்குப் பகலில தண்ணி தாறேல்லை," என்றது மிசின், யாரோ ஓர் இந்தியாக்காரியின் குரலில்.

"மிசின் பிழையாச் சொல்லுது, சுவாமி," என்றா மாமி.

அதற்கும் ஒரு வசனம் ஆயத்தமாயிருந்தது. "குடிச்சா நனைப்பாள், ஆர் கழுவுறது எண்டு மெற்றில்டா அன்ரிக்குச் சொன்னனீங்கள்."

எல்லாரும் மெற்றில்டாவைப் பார்த்தார்கள். அவ சாப்பாட்டுக் கோப்பையை மேசையில் வைத்தா.

"ஓம், சொன்னவா."

மாமி செருப்பும் போடாமல் வெளிக்கிட்டா. அல்பேர்ட் பின்னால் போகவில்லை. யூலியானா மகளின் மடியில் முகத்தைப் புதைத்து அழுதா.

பிள்ளையைப் பார்க்க ஆளில்லாமல் யூலியானாவின் வாடி வேலை நின்றது. வீட்டில் இறைச்சி குறைந்தது; அல்பேர்ட் பிடித்த மீனையும் விற்கவேண்டி வந்தது. ஆன்சலாவுக்கு அது தெரியும். ஆனால் மாமி இப்போது ஆட்களின் முகத்தில் முழிக்காமல் கரைப்பக்கத்தால் சுற்றிக் கோயிலுக்குப் போறா என்று கேட்ட அன்று, வெறுஞ்சோறும் ருசியாக இறங்கியது.

நத்தார்ப் பண்டிகைக்கு முன் மாமி வாசலில் வந்து நின்று அழுதா.

"மன்னிச்சுவிடு பிள்ளை," என்றா தாய்.

ஆன்சலா அவசரப்படாமல் எழுதினாள். மாமி முந்தானையைப் பிடித்தபடி காத்து நின்றா.

"இண்டைக்கு இல்லை. பிறகு வாங்கோ."

பெரிய வெள்ளிக்குப் பிறகும் மாமி வந்தா. இந்த முறை எழுத வேண்டியிருக்கவில்லை. பழைய வசனத்தைச் சேமித்துத்தான் வைத்திருந்தாள்.