கீழ்ப்பாதித் திரை

ஊசியில் நூல் கோக்க இவளால் ஆகாது என்று கண் வைத்தியர் சொல்லிவிட்ட பிறகு, ஊசிக் காதை நாக்கு நுனியில் தடவிப் பார்த்து நூல் கோக்கக் கற்றுக்கொண்டாள். உச்சி வெயிலில் தனியாகச் சாலையைக் கடக்க மாட்டாள் என்று எல்லாரும் முடிவு கட்டியிருந்தபோது, வண்டிச் சத்தத்தை மட்டும் கேட்டுக் கடந்து, எதிர்ப்பக்கம் நின்று திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். திரைச்சீலைக் கடையில் மூன்று மாதம் தாங்க மாட்டாள் என்று பந்தயம் கட்டினார்கள். இருபத்திரண்டு வருஷம் தைத்தாள். அங்கே அவளுக்கு ஆந்தை என்று பட்டப்பெயர் வைத்தார்கள். மின்சாரம் போன ஒரு மாலையில் மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, அவள் மட்டும் ஒரு திரையின் ஒன்பது மடிப்புகளையும் தைத்து முடித்தாள். அன்றோடு அந்தப் பெயரில் இருந்த கேலி போய்விட்டது. இத்தனைக்கும் பிறகு இன்னொன்றையும் வென்றாள். அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

வீட்டில் அவள் சின்னவள். மூன்று வயது மூத்த அக்கா பெரியவள். சின்னவளுக்குப் பிறவியிலேயே வெளிச்சம் ஆகாத கண்கள். நிழலில் எறும்பின் காலைக்கூட எண்ணிவிடுவாள். வெளிச்சம் கூடினாலோ கண்ணீர் கொட்டும். எதிரே இருப்பதெல்லாம் பாலில் விழுந்த மாதிரி வெளுத்துப்போகும். பள்ளிக்கூடம் போன காலத்தில் பெரியவள் எப்போதும் வெயில் பக்கமாக நடப்பாள். அவள் நிழல் விழும் இடத்தில் தங்கை நடப்பாள். காலையில் ஒரு பக்கம், மாலையில் மறு பக்கம். இருவரும் பேசிவைத்துக்கொண்டதில்லை, கால்களே இடம் மாறிக்கொள்ளும். ஆனால் வகுப்புக்குள் பெரியவளின் நிழல் வர முடியவில்லை. கரும்பலகை தெரியவில்லை என்று அழுத குழந்தையை, நல்ல வெளிச்சமாக இருக்கட்டும் என்று ஜன்னல் ஓரத்தில் உட்காரவைத்தார் டீச்சர். நல்ல மனசோடுதான் செய்தார். இரண்டாம் வகுப்போடு சின்னவளின் படிப்பு முடிந்தது. மந்தம் என்று எழுதி அனுப்பினார்கள்.

அதன் பிறகு அவளுக்கு எல்லா இடத்திலும் கைநாட்டுதான். கடைப் பதிவேட்டில் மாதம் ஒரு முறை கட்டைவிரலை உருட்டுவாள். பிறகு சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவுவாள். மை துணியில் ஒட்டிவிடுமே என்றுதான் கழுவுவதாகச் சொல்வாள். மூன்று தடவை எதற்கு என்று பெரியவள் கேட்டதில்லை.

பெரியவளின் குடும்பம் புது வீட்டுக்குக் குடிபோனபோது சின்னவளும் கூடப் போனாள். இரண்டாவது மாடி. வந்து பார்த்தவர்கள் எல்லாரும் சாப்பாட்டு அறையைத்தான் புகழ்ந்தார்கள். ஏழடி நாலு அங்குல அகலம், ஐந்தடி உயரத்துக்கு ஒரே ஜன்னல். அதன் முன்னால் கண்ணாடி பதித்த ஆறு நாற்காலி மேஜை. பகல் முழுக்க விளக்கே வேண்டாம். பெரியவளும் பூரித்துத்தான் போயிருந்தாள், முதல் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும். அன்று மத்தியானம் எல்லாரும் உட்கார்ந்ததும், சின்னவள் இரண்டு வாய் சாப்பிட்டாள், கண்ணைத் துடைத்தாள், தட்டை எடுத்துக்கொண்டு சமையலறை மூலைக்குப் போய்விட்டாள். அங்கே காஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி கிடந்தது. அடுத்த வாரமும் அப்படியே. மூன்றாவது வாரம், மேஜைக்கு வராமல் நேரே முக்காலிக்கே போனாள்.

பெரியவளுக்குச் சோறு இறங்கவில்லை. பழைய வீடு புறாக்கூண்டு மாதிரி இருட்டாக இருந்தாலும் அதில் ஐந்து பேரும் முட்டி இடிக்க உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிட்டார்கள். அந்த வீட்டை விட்டு வந்தது தப்போ என்றுகூட நினைத்தாள். ஒரு ஜன்னல் தங்கையைப் பள்ளிக்கூடத்தை விட்டுத் துரத்தியது; இன்னொன்று சாப்பாட்டு மேஜையை விட்டும் துரத்துவதைப் பார்த்துக்கொண்டிருப்பதா?

யாரிடமும் கேட்காமல் கடைக்குப் போய், துளி வெளிச்சம் புகாத கருநீலத் துணியில் முழு ஜன்னலுக்கும் திரை வாங்கி வந்து மாட்டினாள். அளவு கால் அங்குலம்கூடப் பிசகவில்லை. அன்று மத்தியானம் மீன். பேருந்து ஓட்டும் அவள் கணவர் கையை நீட்டிக்கொண்டு தடவித் தடவி வந்து உட்கார்ந்தார்.

“டார்ச் அடிச்சு சீட்டு காட்ட ஆள் போடலியா? இன்டர்வல் எத்தனை மணிக்கு?”

மகள்கள் இரண்டு பேரும் சிரித்தார்கள். சின்னவளும் சிரித்தாள். ஐந்து நிமிஷம் கழித்து அவர் தொண்டையில் முள் சிக்கியது. தண்ணீர், வெறும் சோற்று உருண்டை, முதுகில் நாலு தட்டு என்று ஒரு பாடு பட்டு முள் இறங்கியதும் சின்னவள் எழுந்து திரையை ஒரே இழுப்பாக இழுத்துவிட்டாள். வெளிச்சம் பாய்ந்தது. கண்ணை மூடிக்கொண்டே பேசினாள்.

“எனக்காக நீங்க எல்லாரும் குருடாகணுமாக்கா? நான் மூலையிலயே சாப்பிட்டுக்கறேன். அங்க எனக்கு ஒரு குறையும் இல்ல.”

“குறை எனக்குடீ” என்றாள் பெரியவள்.

அன்று சாயங்காலம் சின்னவளே வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். கடையில் எத்தனையோ வீட்டுக்குத் தைத்தாகிவிட்டது, நம் வீட்டு ஜன்னலை நானே பார்த்துக்கொள்கிறேன், நான் சொல்லச் சொல்ல நீ எழுதிக்கொண்டு மட்டும் வா என்றாள்.

அவள் வேலை செய்யும் விதமே தனி. மற்றவர்கள் துணியைப் பார்த்துத் திரை எடுப்பார்கள். அவள் ஜன்னலைக்கூடப் பார்க்கவில்லை, நாற்காலிகளில் உட்கார்ந்தாள். கடையில் மிஞ்சிய துண்டுத் துணிகளைக் கொண்டுவந்து, துணி காயப்போடும் கிளிப்பால் ஜன்னல் கம்பியில் மாட்டுவாள். காலை எட்டு மணி, மத்தியானம் பன்னிரண்டரை, நாலு மணி. ஆறு நாற்காலியிலும் ஒவ்வொன்றாக உட்கார்ந்து, தட்டை வைத்து, குனிந்து, நிமிர்ந்து பார்ப்பாள். பெரியவள் நோட்டுப் புத்தகத்தில் எழுதுவாள்: மூன்றாவது நாற்காலி, பன்னிரண்டரை, மெல்லிய வெள்ளை, எரிகிறது. அதே நாற்காலி, இரட்டை மடிப்பு, பரவாயில்லை, ஆனால் தட்டு தெரியவில்லை.

“மேஜைக்கு ஜாதகம் எழுதுறீங்களா அக்காளும் தங்கச்சியும்?” என்று கேட்டுவிட்டு, பெரியவளின் கணவரும் சொன்ன நாற்காலியில் போய் உட்கார்ந்து கொடுப்பார்.

ஆறு ஞாயிற்றுக்கிழமை இப்படிப் போனது. ஏழாவது வாரம் அவள் மேலே மாட்டியிருந்த துணிகளை எல்லாம் கழற்றி, ஜன்னலின் கீழ்ப்பாதியில் மட்டும் கட்டினாள். வெயில் மேலேயிருந்துதானே வரும் என்றாள் பெரியவள். சின்னவள் அவள் கையைப் பிடித்து இழுத்துப்போய் ஜன்னல் வழியாகக் கீழே காட்டினாள். எதிரே ஒரு பட்டறை. அதன் தகரக் கூரை தகதகவென்று மின்னிக்கொண்டிருந்தது. மேலே சன்ஷேட் இருந்ததால் நேர் வெயில் அறைக்குள் விழவே இல்லை. கூரையில் பட்டுக் கீழேயிருந்து ஏறிவந்த ஒளிதான் மேஜைக் கண்ணாடியை ஊடுருவி, சாப்பிடக் குனிந்தவள் கண்ணில் அறைந்திருக்கிறது. மூன்று மாதமாக எல்லாரும் வானத்தைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

அன்று மத்தியானம் மேஜைக் கண்ணாடி மேல் ஒரு கோதுமை நிறத் துணி விரித்தாள். ஜன்னலின் கீழ்ப்பாதியில் அதே நிறத்தில் கொஞ்சம் கெட்டித் துணி. மேல்பாதி திறந்தே இருந்தது. வெளிச்சம் அறையின் உட்கூரையில் பட்டு மெதுவாக இறங்கியது. ஐந்து பேரும் உட்கார்ந்தார்கள். சின்னவள் உப்பு ஜாடியை எடுத்தவள், வைக்காமல் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இதுல என்னமோ எழுதியிருக்கே.”

“உப்புன்னு எழுதியிருக்கு” என்றாள் பெரியவள். “நான் எழுதினதுதான். பதினஞ்சு வருஷமா இருக்கு.”

சின்னவள் ஜாடியை வைத்துவிட்டுச் சாப்பிட்டாள். தட்டை எடுத்துக்கொண்டு எங்கும் போகவில்லை. பெரியவள் அன்று இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டாள்.

அளவு முடிவானதும் கடையில் துணிக்குச் சொல்லியாகிவிட்டது. வேண்டாமென்று ஒதுக்கிய கருநீலத் திரை அலமாரியில் கிடந்தது. யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று பெரியவள் ஒரு நாள் அதைப் பிரித்தால், தையல் சாக்கட்டியால் போட்டு, மடிப்பில் உரசிப் பாதி அழிந்த வெள்ளைக் கோடுகள். வெட்டுவதற்குக் குறி போட்டுவிட்டு மறந்துவிட்டாள் போல என்று நினைத்து, பிரஷ்ஷால் நன்றாகத் தட்டிச் சுத்தம் செய்து மடித்து வைத்தாள். அடுத்த வாரம் பார்த்தால் மறுபடியும் கோடு. மறுபடியும் தட்டினாள். மூன்றாவது முறை, தட்டி முடித்த கையோடு திரையைத் தூக்கிக்கொண்டு தங்கையிடமே போனாள்.

“வெட்டுறதுன்னா வெட்டு, இல்லேன்னா விடு. எத்தனை தடவைதான் கோடு போடுவே?”

சின்னவள் திரையை வாங்கி மடியில் விரித்தாள். மிச்சமிருந்த ஒரு வளைவை விரலால் தொட்டாள்.

“வெட்டுக்கோடு இல்லக்கா அது. என் பேரு. மூணு தடவை தட்டிவிட்டுட்ட.”

வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்துக்கு அவள் கண் நிலைப்பதில்லை. கறுத்த துணியில் வெள்ளை எழுத்து துல்லியமாக நின்றது. ஆனால் எழுத்தை எங்கே பிடித்தாள்? கேட்டதற்குச் சாப்பாட்டு டப்பாவைக் கொண்டுவந்து வைத்தாள். கடையில் டப்பா மாறிப்போகக் கூடாது என்று, வேலைக்குச் சேர்ந்த வருஷம் பெரியவள் அதன் மூடியில் தங்கை பெயரை வெட்டிக் கொடுத்திருந்தாள். நாலு எழுத்து. இருபத்திரண்டு வருஷமாக ஒவ்வொரு மத்தியானமும் மூடியைத் திறக்குமுன் சின்னவள் அதை விரலால் தடவியிருக்கிறாள். விரலுக்குப் பாடமாகியிருந்ததைக் கண்ணுக்குக் காட்டுவதுதான் பாக்கி. அதற்கு ஓர் இடமும், கண்ணை அடிக்காத வெளிச்சமும் வேண்டியிருந்தது. வேலை விட்டு வந்து, எல்லாரும் வெளியே போயிருக்கும் நேரமாகப் பார்த்து, சாப்பாட்டு மேஜையில் அந்தத் திரையை விரித்து எழுதிப் பார்த்திருக்கிறாள்.

பெரியவள் அன்று பிரஷ்ஷை வெளியே எறிந்துவிட்டாள்.

அந்த வீட்டில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள். பட்டறை போய்விட்டது, தகரக் கூரை இருந்த இடத்தில் நாலு மாடி எழும்பிவிட்டது. இனி அந்த ஜன்னலுக்குத் திரையே தேவைப்படாது. பெரியவளின் மகள்கள் இருவரும் கட்டிக்கொடுத்த இடங்களில் இருக்கிறார்கள். பெரியவள் வீட்டு மேஜையில் இப்போது நாற்காலி மூன்றுதான். கருநீலத் திரை மட்டும் அவள் பெட்டியின் அடியில் இருக்கிறது. நான்காவது முறை எழுதிய நாலு எழுத்து அதில் அப்படியே இருக்கிறது. உதிர்ந்துவிடுமே என்று அவள் அதை உதறுவதில்லை; வருஷத்துக்கு ஒரு தடவை மெதுவாகப் பிரித்துப் பார்த்து மூடிவிடுவாள்.

பிரஷ்ஷை எறிந்த சில நாளில், அந்த ஜன்னலுக்குப் புதுத் திரையை மாட்ட வந்தவர் கடையின் ஏணிக்காரர். பெயர் என்னவோ, ஏணியில்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. சின்னவள் தைத்த திரையைச் சின்னவளின் வீட்டிலேயே மாட்டுவதில் அவருக்கு ஒரே குஷி. கம்பியை ஜன்னலின் அடியிலிருந்து இரண்டடி ஒன்பது அங்குல உயரத்தில் முடுக்கினார், வளையங்களைக் கோத்தார், திரையை இழுத்து மூடித் திறந்து காட்டினார். இறங்கி வந்து, மாட்டி முடித்ததற்கான சீட்டை மேஜையில் வைத்தார். பழக்கத்தில் சட்டைப் பையிலிருந்து மைப்பெட்டியை எடுத்து, மூடியைத் திறந்து அவள் பக்கம் தள்ளினார்.

“விரலைக் குடு, ஆந்தை. நான் இன்னும் ரெண்டு வீடு போகணும்.”

சின்னவள் மைப்பெட்டியின் மூடியை மூடினாள்.

“பேனா இருக்கா?”

ஏணிக்காரர் பெரியவளைப் பார்த்தார். பெரியவள் எழுந்து, பழைய பழக்கத்தில், ஜன்னலுக்கும் தங்கைக்கும் நடுவில் போய் நிற்கப் பார்த்தாள்.

“நீ உக்காருக்கா. வெளிச்சம் சரியா இருக்கு.”

மூன்றாவது நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சீட்டைக் கோதுமை நிறத் துணிமேல் நேராக வைத்தாள். இடது கை ஆள்காட்டி விரலை முன்னால் வைத்து, அது போகும் வழியிலேயே பேனாவைக் கொண்டுபோனாள். முதல் எழுத்து கொஞ்சம் பெரிதாகிவிட்டது. மற்ற மூன்றும் அதற்கு ஏற்றமாதிரி ஒதுங்கி நின்றன. ஏணிக்காரர் இரண்டு வீட்டையும் மறந்து நின்றார். முடித்ததும் சின்னவள் தாளைத் தூக்கி, மேல்பாதி ஜன்னலின் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு மறுபடி கீழே வைத்து, தேதி எங்கே போட வேண்டும் என்று கேட்டாள். எண்கள் அவளுக்கு அங்குல நாடாவிலிருந்தே தெரியும். பெரியவள் இடத்தைக் காட்ட, கையெழுத்துக்குக் கீழே எழுதினாள்: 23.8.1998.