கேள்விக்கு முன்னால் வந்த பதில்

சித்தியின் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவே ஒரு சிடி இருக்கிறது. அதன்மேல் ஸ்கெட்ச் பேனாவால் 'தப்பான சிடி' என்று சித்தியே எழுதி வைத்திருக்கிறாள். சரியான சிடி எங்கே போனது என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. போன வாரம் கடப்பாக்கத்துக்குப் போயிருந்தபோது அதை என் கையில் கொடுத்து, "இத்த என் செல்லுல ஏத்திக் குடுடி" என்றாள்.

அந்தத் தப்பைச் செய்தவள் நான்தான். பல வருஷங்களுக்கு முன்னால், நாவலூரில், கணினிப் பாடங்களுக்குக் குரல் பதிவு செய்யும் அலுவலகத்தில் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். ரிப்பிள் எடிட்டிங் என்ற வித்தையைக் கற்றுக்கொண்ட வாரம் எனக்குத் தலைகால் புரியவில்லை. பதிவில் ஓர் இருமலை வெட்டினால், வெட்டிய இடம் ஓட்டையாக நிற்காது. வரிசையில் ஒருவர் விலகியதும் பின்னால் நிற்பவர்கள் எல்லாம் ஓரடி முன்னால் வருவதைப் போல, மிச்சப் பேச்சு முழுவதும் தானே நகர்ந்து வந்து ஒட்டிக்கொள்ளும். பார்க்கிறவர்களை எல்லாம் பிடித்து நிறுத்தி இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். சித்தியும் அப்படித்தான் மாட்டினாள்.

மாட்டியது நான் என்பது பிறகுதான் புரிந்தது. ஒரு கல்லூரியின் சமுதாய வானொலியில் கணவனும் மனைவியும் பேசிக்கொள்ளும் நிகழ்ச்சி ஒன்று வந்துகொண்டிருந்தது. அதற்குச் சித்தி பெயர் கொடுத்துவிட்டு, பதிவு செய்ய என்னைப் பிடித்துக்கொண்டாள். சித்தப்பா கல்பாக்கத்தில் டெக்னீசியன், ஓய்வுபெற இருந்தார். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரர். ஊரில் அண்ணன் தம்பிகள் அவருக்கென்று மனை ஒதுக்கிக் காத்திருந்தார்கள். சித்தி, கல்பாக்கத்தைப் போலவே அதே கடலோரத்தில் இருக்கும் கடப்பாக்கத்தில் பிறந்தவள். கடல் காற்று படாத ஊரில் அவளால் ஒரு வாரம் இருக்க முடியாது. ஓய்வுக்குப் பிறகு எங்கே என்று எப்போது கேட்டாலும், சித்தப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு "பார்ப்போம்" என்பார். வருஷக்கணக்கில் இதே பாட்டு.

"மைக்கு வெச்சிக் கேட்டா எங்க ஓடுவாரு?" என்றாள் சித்தி.

குவார்ட்டர்ஸ் வீட்டில் மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதிவு செய்தோம். ஒருவர் குரல் மற்றவர் மைக்கில் விழக் கூடாதென்று சித்தியை ஹாலிலும் சித்தப்பாவைப் படுக்கையறையிலும் உட்காரவைத்து, இருவர் காதிலும் ஹெட்போன் மாட்டினேன். கடைசிக் கேள்வியாகச் சித்தி, மூச்சுவிடாமல், அக்கம்பக்கமெல்லாம் கேட்கும்படி அதைக் கேட்டாள். செருமல். பிறகு "பார்ப்போம்". ஹெட்போனைக் கழற்றிய சித்தியின் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

நிகழ்ச்சியாவது பிரமாதமாக வரட்டும் என்று சித்தப்பாவின் செருமல்களைத் தேடித்தேடி வெட்டினேன். முதல் சில நிமிடங்களைக் கேட்டேன், அருமையாக இருந்தது. சிடியில் ஏற்றிக்கொண்டு கல்பாக்கத்துக்குப் பறந்தேன்.

ஹாலில் மூவரும் உட்கார்ந்து கேட்டோம். போகப்போக ஏதோ உதைத்தது. "கல்யாணத்தன்னிக்கு என்னப் பாத்து இன்னா நெனச்சீங்க?" என்று சித்தி கேட்கிறாள். "வஞ்சிர மீன் குழம்பு" என்கிறார் சித்தப்பா. அப்போதுதான் என் தப்பு எனக்கு உறைத்தது. இருவர் குரலுக்கும் தனித்தனி டிராக். நான் சித்தப்பாவின் டிராக்கில் மட்டும் வெட்டியிருந்தேன். அவர் வரிசை முன்னால் வந்துவிட்டது, சித்தியின் வரிசை நின்ற இடத்திலேயே நின்றது. அடுத்த கேள்வியின் பதில் இந்தக் கேள்விக்கே வந்துகொண்டிருந்தது. சித்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நிறுத்தப் போன என் கையைத் தட்டிவிட்டாள்.

கடைசிக் கேள்விக்கு முன்னால் சித்தி தண்ணீர் குடித்த இடைவெளி வந்தது. அந்த அமைதியில் சித்தப்பாவின் குரல், முணுமுணுப்பாக, ஆனால் தெளிவாகக் கேட்டது.

"இங்கனயே இருந்துருவோம்."

அதன் பிறகுதான் சிடியில் சித்தி கேட்கவே ஆரம்பித்தாள்: "இன்னாங்க, ரிட்டயர் ஆனா இங்கியே இருந்துடலாமா, இல்ல உங்க ஊருக்குப் போயிதான் ஆவணுமா?"

சித்தி கத்திக் கேட்டுக்கொண்டிருந்தபோதே, தனியறையில் இருந்த தைரியத்தில் அவர் தனக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறார். அவள் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை. வாய்விட்டுச் சொல்ல வந்தபோது பழைய "பார்ப்போம்"தான் வந்தது. என் தப்பு அந்த முணுமுணுப்பை அவள் குரலுக்கு அடியிலிருந்து வெளியே இழுத்துப் போட்டுவிட்டது.

சித்தி சிரிப்பதை நிறுத்தியிருந்தாள். "இது யாரு சொன்னது?" என்றாள். சித்தப்பா செருமினார். "இந்த இருமலுதான் வாணாங்கறேன். யாரு சொன்னது?"

"நாந்தான்" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. சித்தி அழுதாள். நான் சந்தோஷத்தில் சத்தம் போட்டுக் குதித்தேன். இன்று நினைத்தாலும் அந்தக் குதிப்பு எனக்குள் கிளம்புகிறது.

வானொலிக்கு இரண்டு டிராக்கையும் சேர்த்து நகர்த்தி, ஒழுங்கான சிடி ஒன்று கொடுத்தேன். அதைப் பற்றி யாரும் பேசியதில்லை.

போன வாரம் செல்லில் ஏற்றும்போது பழைய வேலைப் புத்தி சும்மா இருக்குமா? "இப்ப சட்டுனு சரி பண்ணிடலாம் சித்தி" என்றேன். "கைய வெச்சே, ஒட்ச்சிடுவேன்" என்றாள். பிறகு செல்லை மேசைமேல் வைத்து ஓடவிட்டாள். வஞ்சிரம் வருவதற்குள் சித்தப்பா எழுந்து உள்ளறைக்குப் போய்விட்டார். தண்ணீர் குடித்த இடைவெளி வந்தது. "இங்கனயே இருந்துருவோம்" என்றது செல். யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில், உள்ளறையிலிருந்து ஒரு குரல் முணுமுணுத்தது.

"இருந்துட்டோம்ல."