அடிக்குறிப்பும் சேர்ந்து போனது

ஓய்வுபெற்ற ஆசிரியனான நான், மலேசியாவின் பாடாங் மேஹா ரப்பர் தோட்டத்து மக்களின் கதைகளைக் கைப்பேசியில் ஓர் எழுத்துச் செயலியில் அத்தியாயம் அத்தியாயமாகத் தொகுத்து வந்தேன். ஒவ்வொன்றின் அடியிலும் எனக்கு மட்டுமான குறிப்புகளை எழுதுவேன். தோட்டத்து வாட்சாப் குழுவுக்கு நூலை அனுப்பியபோது அவற்றை நீக்க மறந்துவிட்டேன்.

அன்று மாலையே, அங்கே பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்த லெட்சுமி அக்கா அழைத்தார்.

"சார், செத்துப்போன என் புள்ளைய பத்தி அழுதுக்கிட்டே சொன்னேன். கீழ 'அழுகை நடிப்பு, சுருக்கவும்'னு போட்டிருக்கீங்க. நல்லா இருக்குலா ஒங்க படிப்பு!"

செயலியைக் குறை சொல்ல முடியாது. எழுதியது என் விரல். என்னை நினைத்தாலே அருவருப்பாக இருந்தது. நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் தம் கதையை எடுத்துவிடச் சொன்னார், எடுத்துவிட்டேன்.

இப்போது, கதை சொன்னவரின் முகத்துக்கு நேரே படித்துக் காட்ட முடியாத ஒரு வரியையும் நான் அந்தச் செயலியில் எழுதுவதில்லை.